கேள்விக்குறிகளுக்குப் படகு கிடையாது

சுவர் முழுக்க விரிந்திருந்த வரைபடத்தில் கொக்கிமேடு மட்டும் கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்ததுமே ரூபாவதி சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தெற்குச் சென்னை பூராவும் ஆரஞ்சுப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு உதவிக் கோரிக்கை. புள்ளியை நோக்கி நகரும் பச்சைக்கோடு, ஆளில்லாமல் தானே ஓடும் மீட்புப் படகு. வடக்கே கால்வாய்க்கு அந்தப் பக்கம், கொக்கிமேட்டில், ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. அங்கே யாருமே குடியிருக்கவில்லை போல இருந்தது.

"பாத்தியா ரூபா? நார்த் சைடு ஒரு சத்தமும் இல்ல. புதுக் கால்வாய் வேலை செஞ்சிருக்கு" என்றார் நந்தகோபால். ப்ராஜெக்ட் மேனேஜர். காபிக் கோப்பையோடு, சொந்த வீட்டுக் கல்யாணத்தைப் பார்க்கிறவர் மாதிரி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்கக்கா அங்கதான் இருக்காங்க. காலைல போன்ல பேசினாங்க. வீட்டுக்குள்ள முட்டி வரைக்கும் தண்ணின்னாங்க. அதுக்கப்புறம் லைன் போயிடுச்சு."

"மெசேஜ் போட்டிருப்பாங்கல்ல?"

"போடறேன்னுதான் சொன்னாங்க."

"அப்ப படகு போயிருக்கும். போகலன்னா தேவைப்படலன்னு அர்த்தம். அரண் தப்பு பண்ணாது."

அரண் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பெயர். முன்பெல்லாம் வெள்ளம் வந்தால் யாருக்குப் படகு என்பதை மனிதர்கள் முடிவு செய்தார்கள். முடிவு செய்த லட்சணம் ஊருக்கே தெரியும். அமைச்சரின் மச்சினர் வீட்டு வாசலில் மூன்று படகு நிற்கும், ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றுகூட நிற்காது. ஜனங்கள் கொதித்துப் போய்ச் சாலையில் உட்கார்ந்த பிறகு, இனி மனிதக் கையே படக்கூடாது என்று அரசாங்கம் அரணைக் கொண்டுவந்தது. தண்ணீரில் மாட்டிக்கொண்டவர் செயலியில் நாலு வரி எழுதி அனுப்பினால் போதும். அரண் படித்து, பொருள் புரிந்து, யாருக்கு அவசரம் என்று வரிசைப்படுத்திப் படகை அனுப்பும். தனக்காகக் கேட்டால் கைபேசி இருக்கும் இடத்துக்கு, அடுத்தவருக்காகக் கேட்டால் எழுதியிருக்கும் முகவரிக்கு. பரிந்துரை செல்லாது, போன் போட்டு மிரட்ட முடியாது. இதைக் கட்டியவர்களில் தானும் ஒருத்தி என்பதில் ரூபாவதிக்குக் கொஞ்சநஞ்சமல்ல பெருமை.

அந்தப் பெருமையெல்லாம் அன்று மத்தியானத்தோடு சரி.

ஞானசௌந்தரி, அவளுடைய அக்கா, பள்ளிக்கூடச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. போன வாரம்தான் சமையல்கூடத்தில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு போட்டிருந்தது. கட்டில் மேல் மேசையைத் தூக்கிப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று காலையில் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இன்னாடி பயம்? நீ செஞ்ச படகு வராமலா பூடும்?" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் ரூபாவதியின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அவள் தன் மேசைக்குப் போய் அக்காவின் எண்ணைப் போட்டுத் தேடினாள். செய்தி வந்திருந்தது. காலையிலேயே வந்திருந்தது. திறந்தாள்.

????????? ??????? ???????. ?????????? ??????????? ???????? ????????? ??????.

இப்படியே நாலு வரி. கீழே சிவப்பில் அரணின் தீர்ப்பு: பொருளற்றது. தள்ளுபடி செய்யப்பட்டது.

அந்த நாலு வரியையும் அவள் இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு தள்ளுபடி ஆனவற்றை எல்லாம் மொத்தமாக இழுத்துப் போட்டாள். திரை நிரம்பிற்று. உருட்ட உருட்டக் கேள்விக்குறி. கொக்கிமேடு, அதை அடுத்த குப்பம், பாலத்தடிக் குடியிருப்பு, மில் லைன். ஒவ்வொன்றும் ஒரு ஆள், தண்ணீருக்குள் நின்றுகொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது.

பக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றையும் திறந்து பார்த்தாள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒரு அடுக்குமாடியின் பதினோராவது மாடியிலிருந்து அழகான ஆங்கிலத்தில் ஒருவர், ஜெனரேட்டருக்கு டீசல் தீரப்போகிறது என்று எழுதியிருந்தார். படகு போயிருக்கிறது. இன்னொரு அம்மாள் தன் நாய்க்குட்டிக்கு வயிறு சரியில்லை என்று எழுதியிருந்தார். அதற்கும் போயிருக்கிறது.

ரூபாவதி நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது பின்னால் போய்ச் சுவரில் மோதியது.

"சார், இங்க வாங்க! இந்தக் கண்றாவியைப் பாருங்க!"

நந்தகோபால் வந்தார். பார்த்தார். "யாராவது விளையாட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. இல்லன்னா ஸ்பாம். அதனாலதான அரண் தள்ளியிருக்கு?"

"விளையாட்டா? இது எங்கக்கா நம்பர் சார். மேசை மேல காலைத் தொங்கப்போட்டு உக்காந்துகிட்டு எங்கக்கா உங்ககிட்ட விளையாடுறாளா?" அவள் குரலில் அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அவங்க தமிழ்ல எழுதினாங்க. நம்மதான் அதைக் கேள்விக்குறியா ஆக்கிட்டோம்."

"புரியற மாதிரி சொல்லு."

"கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது சார், நம்பர்தான் தெரியும். எந்த நம்பர் எந்த எழுத்துன்னு ஒரு ஒப்பந்தம் வேணும். போன்ல இருக்கிற ஒப்பந்தத்துல உலகத்து எழுத்தெல்லாம் இருக்கு. நம்ம சர்வர்ல ஓடுற ஜாவா அதை ஒழுங்காத்தான் வாங்குது. வாங்கி அரணுக்குக் கைமாத்துற இடத்துலதான் வினை. அங்க எந்த ஒப்பந்தம்னு யாரும் எழுதல. எழுதலன்னா ஜாவா தான் உக்காந்திருக்கிற மெஷினைக் கேக்கும். போன மாசம் மாத்தினமே புது மெஷின், அதுல யாரும் எதையும் செட் பண்ணல. அது, எனக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும்னுது. சரின்னு ஜாவாவும் தெரியாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியை வச்சிட்டுப் போயிடுச்சு. எர்ரர்கூட வராது. சத்தமே இல்லாம நடக்கும்."

"இப்ப வர்ற ஜாவாவுல இதெல்லாம் சரி பண்ணிட்டாங்கன்னு..."

"இப்ப வர்ற ஜாவா இங்க எங்க சார் இருக்கு? பழசை மாத்த நீங்க கையெழுத்து போட்டீங்களா?"

நந்தகோபால் காபிக் கோப்பையை மேசையில் வைத்தார். அறையின் மூலையைப் பார்த்து, "அகஸ்டின்! தமிழ்ல டெஸ்ட் பண்ணோம்னு ரிப்போர்ட் குடுத்தியே!" என்று கத்தினார்.

சோதனைக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் அகஸ்டின் எழுந்து வந்தான். தூத்துக்குடிக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன். "பண்ணோம் சார். நூத்துக்கணக்குல போட்டோம். மெஷின் மாத்தினப்புறமும் போட்டோம். எல்லாத்துக்கும் படகு கரெக்டா கெளம்புச்சு. வேணும்னா பாருங்க." அவன் தன் திரையைத் திருப்பிக் காட்டினான். முதல் வரி இது:

thanni vandhuduchu kaapaathunga

அடுத்த வரியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். எல்லாம் தமிழ்தான், ஒரு எழுத்துகூடத் தமிழில்லை.

ரூபாவதி தலையில் அடித்துக்கொண்டாள். யாரைக் குற்றம் சொல்வது? அந்த அறையில் இருந்த எல்லாரும் தமிழர்கள். அம்மாவிடம் தமிழில் சண்டை போடுகிறவர்கள், தமிழில் காதலித்தவர்கள், தமிழில் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள். கைபேசியை எடுத்தால் மட்டும் விரல் தானாக ஆங்கில எழுத்துக்குப் போய்விடும். அரணைச் சோதித்ததும் அப்படி, அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் அப்படி. தமிழ் விசைப்பலகையைத் திறந்து 'அ' என்று ஒரு எழுத்தைத் தட்டிப் பார்க்க இத்தனை பெரிய கம்பெனியில் ஒரு பயலுக்குத் தோன்றவில்லை. அக்காவுக்கு மட்டும் ரூபாவதி தமிழ் எழுத்தில் எழுதுவாள். "உன் இங்கிலீஸ் எழுத்தெல்லாம் எனக்குப் புரியாதுடி" என்று அக்கா ஒருமுறை திட்டியிருந்தாள். கொக்கிமேட்டில் எல்லாருமே ஞானசௌந்தரிகள்தான்.

"தமிழ்நாட்டு வெள்ளத்துக்கு, தமிழ்நாட்டு ஜனங்களுக்கு, தமிழ்நாட்டுல உக்காந்து செஞ்சிருக்கோம்" என்றாள். "வெக்கமா இல்ல நமக்கு?"

அகஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, சரி. திட்டுறதுக்கு இதுவா நேரம்?" என்றார் நந்தகோபால். "எப்படிச் சரி பண்றது?"

"ஒரே வரி. என்ன எழுத்துமுறைன்னு சொல்லிட்டு சர்வரை நிறுத்தி மறுபடி கெளப்பணும்."

"நிறுத்தணுமா?" அவர் முகம் வெளுத்தது. "ஓடிட்டிருக்கிற படகெல்லாம் நின்னுடுமே. மேலிடத்து அனுமதி இல்லாம நிறுத்தினா அபராதம். சேஞ்ச் ரெக்வெஸ்ட் போடு, நான் பேசிப் பாக்கிறேன்."

"பேசுங்க. நல்லாப் பேசுங்க. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள தண்ணி மேசைக்கு வந்திடும்."

"ரூபா, நீ ரொம்ப எமோஷனலா இருக்க."

"ஆமா சார், இருக்கேன்! அந்த நாய்க்குட்டிக்குப் படகு போனப்ப நீங்க எமோஷனலா இல்லயே, அதான் எனக்கு ஆச்சரியம்!"

அவள் உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியை எழுதினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சர்வரை நிறுத்தினாள். சுவரில் பச்சைக்கோடுகள் எல்லாம் அப்படியே உறைந்து நின்றன. நந்தகோபால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தெற்கே யாராவது ஒருவர் நடுத்தண்ணீரில் நின்ற படகிலிருந்து அவர்களைச் சபித்திருக்கலாம். சபிக்கட்டும் என்று நினைத்தாள்.

சர்வர் எழுந்தது. கோடுகள் நகர ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் மில் லைனிலிருந்து ஒரு புள்ளி முளைத்தது. செய்தி தமிழில், தமிழாகவே வந்து சுவரில் விழுந்தது. 'எங்க அப்பாவுக்கு மூச்சு வாங்குது சீக்கிரம் வாங்க.' ஒரு படகு அதை நோக்கித் திரும்பியது. அறையில் யாரோ கைதட்டினார்கள்.

கொக்கிமேடு மட்டும் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

"ஏன் அங்கருந்து யாரும் அனுப்பல?" என்றான் அகஸ்டின்.

ரூபாவதிக்கு உடனே விடை தெரிந்துவிட்டது. செய்தி அனுப்பியதும் கைபேசியில் ஒரு பதில் வரும். அந்தப் பதில் சர்வரிலிருந்து வருவதில்லை, செயலிக்குள்ளேயே எழுதி வைத்தது. அதனால் அது மட்டும் ஒரு எழுத்து சிதறாமல் சுத்தத் தமிழில் தெரியும்: உங்கள் செய்தி கிடைத்தது. உதவி வந்துகொண்டிருக்கிறது. தயவுசெய்து மீண்டும் அனுப்ப வேண்டாம்.

"அனுப்ப வேண்டாம்னு நம்மதான் சொல்லியிருக்கோம். அவங்க சொன்னபடி கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"பழைய செய்தியெல்லாம் திருப்பி எடுக்க முடியாதா மேடம்?"

"குப்பை எழுத்தா வந்திருந்தா திருப்பிடலாம். அது எத்தனையோ தடவை பண்ணியிருக்கேன். இது கேள்விக்குறி அகஸ்டின். 'அ'வும் அதுதான், 'க'வும் அதுதான். எது எதுவா இருந்துச்சுன்னு இனி கடவுளுக்குத்தான் தெரியும்."

எழுதியது போய்விட்டது. அனுப்பிய கைபேசி எங்கே இருக்கிறது என்பது மட்டும் மிச்சம். படகைக் கையால் திருப்பவும் வழியில்லை. மச்சினர்களுக்குப் பயந்து அந்தக் கதவை இவர்களே அடைத்துப் பூட்டியிருந்தார்கள். பொருள் உள்ள ஒரு வாக்கியம் இருந்தால்தான் அரண் படகை அசைக்கும்.

நந்தகோபால் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். குரலை இறக்கினார். "ரூபா, உங்கக்கா மெசேஜை மட்டும் மாத்திடு. ஏதாவது எழுதி வை. நான் பாக்கல."

மனுஷன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது.

"அப்ப அமைச்சரோட மச்சினருக்கும் எனக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்றாள். கத்தவில்லை. கத்தத் தெம்பில்லை. "மாத்தினா எல்லாத்தையும் மாத்துறேன். வேலையை விட்டுத் தூக்கணும்னா நாளைக்குத் தூக்குங்க."

அரண் நிச்சயமாக எழுந்து நிற்கும் வாக்கியம் ஒன்றுதான் அவள் கைவசம் இருந்தது. அதைச் சொல்லித்தானே அதை வளர்த்தார்கள்? அகஸ்டினின் திரையிலிருந்து அந்த வரியை எடுத்தாள். கேள்விக்குறியாக மட்டும் கிடந்த அத்தனை செய்திகளையும் ஒரே ஆணையில் அழித்து, அவற்றின் இடத்தில் அந்த வரியை வைத்தாள்.

thanni vandhuduchu kaapaathunga

ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அக்காவும் அதையே சொன்னாள், அவளுக்கு வாசிக்கவே வராத எழுத்தில். ரூபாவதிக்குக் கண்ணீர் வந்தது. ஆத்திரத்தில் வந்த கண்ணீர், துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

கொக்கிமேடு பற்றிக்கொண்டது. கறுப்பு இருந்த இடமெல்லாம் ஆரஞ்சு. டீசலையும் நாய்க்குட்டியையும் விட்டுவிட்டுப் படகுகள் வடக்கே திரும்பின. கோடுகள் கால்வாயைத் தாண்டிக் கொத்துக்கொத்தாக உள்ளே நுழைந்தன. அகஸ்டின் வாய்விட்டு அழுதான். நந்தகோபால் யாருக்கோ போனில், "ஆமாம் சார், நாங்களே கண்டுபிடிச்சோம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரூபாவதி ஒரே ஒரு கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டிய பிறகு அது அக்காவின் புள்ளியைத் தொட்டது. நின்றது. திரும்பியது. ஒருவர் ஏற்றப்பட்டார் என்று எழுத்து வந்த பிறகுதான் அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

மறுநாள் காலையில் மழை விட்டதும், முகாமாக மாற்றியிருந்த கல்யாண மண்டபத்துக்கு அவள் ஓடினாள். அக்கா மேடைக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டு ஊறிக் கரைந்து தொங்கிக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாடி! சொன்னேன்ல, நீ செஞ்ச படகு வரும்னு? கொஞ்சம் லேட்டு. ஆனா வந்துச்சு பாரு. ரெண்டு இரும்புக் கைய நீட்டிப் பச்சப்புள்ளைய தூக்குற மாதிரி தூக்கிச்சு என்னை."

ரூபாவதி அவளைக் கட்டிக்கொண்டாள். அக்காவின் கழுத்தில் சேறும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை அடித்தது. அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"சரி, அழாத. நான்தான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே. தனகோட்டி எந்த முகாம்ல இருக்கா, பாத்துச் சொல்லு. நானும் காலைலேர்ந்து எல்லாரையும் கேக்கிறேன், யாருக்கும் தெரியல."

"எந்தத் தனகோட்டி?"

"எதிர்வூட்டுப் பொண்ணுடி. ஓட்டு வூடு. பச்ச ஒடம்புக்காரி, புள்ள பொறந்து இன்னும் தொட்டில்லகூடப் போடல. புருசன் லாரியில வடக்க போயிருக்கான். அவ போனு தண்ணில வுழுந்துடுச்சின்னு ஜன்னல்லேர்ந்து கத்தினா. அதான் நான் என் போன்ல எழுதிப் போட்டேன்."

ரூபாவதியின் கைகள் அக்காவின் தோளிலிருந்து மெதுவாகக் கீழே இறங்கின.

"அக்கா, என்ன எழுதின?"

"இன்னா எழுதுவேன்? எனக்கு அவசரம் இல்ல, நான் ஒசரத்துல உக்காந்திருக்கேன். எதிர்வூட்ல பச்சப்புள்ளக்காரி தனியா இருக்கா, பதினேழாம் நம்பர், நீலக் கதவு, மொதல்ல அங்க போங்கன்னு எழுதினேன். கெடச்சிடுச்சின்னு உடனே பதில் வந்துச்சே. அவகிட்டயும் ஜன்னல் வழியா கத்திச் சொன்னேன். படகு வருது, கூரை மேல ஏறாத, மழைல புள்ள நனைஞ்சிடும், உள்ளயே இருன்னு. அப்பால இருட்டிடுச்சு, ஒண்ணும் தெரியல. என்னையத் தூக்க வந்தப்ப, சரி, அவள ஏத்திவுட்டுட்டுத்தான் வந்திருக்குன்னு நிம்மதியா ஏறிட்டேன்."

மண்டபத்தில் எங்கோ ஒரு குழந்தை அழுதது. அக்கா கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தாள்.

ரூபாவதி கைபேசியை எடுத்து அரணுக்குள் போனாள். பதினேழாம் நம்பரைத் தேடினாள். அந்த வீட்டுக்கு யாரும் எதுவும் கேட்டதாக இல்லை. படகு எதுவும் போகவில்லை. கொக்கிமேட்டில் ஓட்டு வீடு எதுவும் நிற்கவில்லை என்று காலையில் வரும் வழியிலேயே அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"எந்த முகாம்டி?" என்றாள் அக்கா.

ரூபாவதி கைபேசியின் திரையைத் தன் பக்கம் மறைத்துக்கொண்டாள். அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"எழுதினேனே ரூபா" என்றாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்து உலுக்கினாள். "நம்பரு, கதவு, எல்லாம் தெளிவா எழுதினேன்டி! நீங்க படிக்கலயா? யாருமே படிக்கலயா? நான் எனக்காடி படகு கேட்டேன்?"

அடுத்த மாதம் கம்பெனி அறிக்கை கொடுத்தது. அதில் ஞானசௌந்தரியின் கோரிக்கை முழுமையாக நிறைவேற்றப்பட்டது என்று இருக்கிறது.